வலிப்பு வரும்போது கைப்பேசியில் படம் எடுக்கலாமா? வீட்டில் சண்டையே வந்துவிட்டது

கோரையாற்றங்கரை — ஞாயிறு, இரவு 9.12

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். தங்கைக்கு 21 வயது. இரண்டு வருடத்தில் நான்கு முறை மயங்கி விழுந்து கைகால் வெட்டியிருக்கிறது. முதல் முறையிலிருந்தே வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாள். ஸ்கேன், ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதியும் சோதனை) இரண்டும் எடுத்தாகிவிட்டது, இரண்டிலும் ஒன்றுமில்லை. மாத்திரையின் தயவில் பகலெல்லாம் தூங்கி வழிகிறாள். படித்த படிப்புக்கு வேலைக்குப் போக முடியாமல் வீட்டோடு இருக்கிறாள்.

நேற்றுக் காலை விழுந்ததுதான் நான்காவது முறை. கையில் கைப்பேசி இருந்தது, என்னை அறியாமலே வீடியோவை அழுத்திவிட்டேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டு, “பிள்ளை வெட்டி இழுத்துக்கொண்டு கிடக்கிறது, உனக்குப் படம் கேட்கிறதா?” என்று கத்தினார். அப்பா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பதிவானது 34 விநாடி. அதிலும் பாதிக்கு மேல் கூடத்துத் தூணும் அத்தையின் புடவையும்தான்.

வியாழக்கிழமை தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். இதை அவரிடம் காட்டலாமா? அழித்துவிடு என்று அம்மா மூலமாக அப்பா சொல்லி அனுப்புகிறார்.

குறுவை68 — ஞாயிறு, இரவு 9.40

உங்கள் அத்தை கேட்டதில் தப்பில்லை. நாகப்பட்டினம் சாலையில் வண்டி கவிழ்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர், படம் எடுக்க இருபது பேர். அந்த வியாதி இப்போது கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் வலிப்பு வந்தவனை வாயாலேயே விவரித்தோம், மருத்துவர் வைத்தியம் பார்த்தார்.

இரவுப்பணி — ஞாயிறு, இரவு 10.25

தம்பி, அழித்துவிடாதீர்கள். நான் பதினான்கு வருடமாக ஈ.ஈ.ஜி. எடுக்கும் வேலையில் இருக்கிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் பக்கத்து அறையில் நடப்பது காதில் விழாமல் இருக்காது.

சர்க்கரையை ரத்தத்தில் பார்த்துவிடலாம், எலும்பு முறிவைப் படத்தில் பார்த்துவிடலாம். வலிப்பு அப்படியில்லை. மருத்துவமனைக்கு வரும்போது நோயாளி நம் எல்லாரையும்போல நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாதாரண ஈ.ஈ.ஜி. இருபது முப்பது நிமிடம்தான் ஓடும். அந்த அரைமணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று வலிப்புக்கு என்ன தலையெழுத்தா? அதனால் ஈ.ஈ.ஜி. சுத்தமாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. கோடுகளில் ஏதோ தெரிந்துவிட்டால் விழுந்ததெல்லாம் வலிப்பு என்றும் ஆகிவிடாது. மருத்துவர் கடைசியில் நம்புவது கண்ணால் பார்த்தவர் சொல்வதைத்தான். பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? “கைகால் இழுத்தது சார், நுரை தள்ளியது சார், பத்து நிமிடம் சார்.” எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். பெரிய வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

குறுவை ஐயா, வாயால் விவரித்தீர்கள், சரி. கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா? தலை எந்தப் பக்கம் திரும்பியது? முதலில் வெட்டியது எந்தக் கை? இந்த மூன்றுக்கும் உடனே பதில் சொன்ன உறவினர் ஒருவரைக்கூட இந்தப் பதினான்கு வருடத்தில் நான் கண்டதில்லை. தலையும் கண்ணும் வலுவாக ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டால், பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து புறப்படுகிறது என்று பொருள். அது கைப்பேசியில் தெரியும். “இழுத்தது சார்” என்பதில் தெரியாது.

வடவாறு — ஞாயிறு, இரவு 11.03

மருத்துவ மேற்படிப்பு மாணவன். இது ஏதோ கைப்பேசிக் காலத்துக் கூத்து என்று நினைக்க வேண்டாம். ருமேனியாவின் மரினெஸ்கு 1898இல் தொடங்கி சில ஆண்டுகள், பக்கவாதம் வந்தவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதைச் சலனப்படமாகவே எடுத்து ஆராய்ந்தார். சினிமா பிறந்து மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. பெல்ஜியத்தில் வான் கெஹுக்டென் 1905இலிருந்து தன் நரம்பு நோயாளிகளைப் படம் பிடித்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அதே 1905இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வலிப்பு நோயாளர் குடியிருப்பில் வால்டர் சேஸ் என்பவர் வலிப்புகளையே படமாக எடுத்தார். நரம்பியலில் பாதி நோய்களுக்கு அசைவுதான் அடையாளம். அசைவை எழுதி வைக்க முடியாது.

கைப்பேசிப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்றும் பார்த்திருக்கிறார்கள். 2020இல் அமெரிக்காவில் 8 மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 44 நோயாளிகள் வீட்டில் எடுத்த படங்களை மட்டும் வலிப்பு நோய் வல்லுநர்களிடம் காட்டினார்கள். வலிப்பா இல்லையா என்று அவர்கள் சொன்னது, பிறகு மருத்துவமனையில் வீடியோ ஈ.ஈ.ஜி. (படமும் ஈ.ஈ.ஜி.யும் ஒருசேர எடுப்பது) வைத்துக் கண்டதோடு 89.1 சதவீதம் ஒத்துப்போனது. பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள் பார்த்தபோது அவ்வளவு ஒத்துவரவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு குட்டு. படம் இருந்தால் போதாது, அதைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும்.

பேரளம் டீச்சர் — திங்கள், காலை 6.15

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். பேரனுக்கு அப்போது ஐந்து மாதம். தூங்கி எழுந்ததும் இரண்டு கையையும் விரித்து, தலையை முன்னால் கவிழ்த்து, வயிற்றை மடக்குவான். ஒரு நொடிதான். ஐந்தாறு நொடி கழித்து மறுபடி. இப்படிப் பத்துப் பதினைந்து முறை வரிசையாக. நடுவே சிணுங்குவான். வயிற்று வலி என்றோம். உரம் விழுந்திருக்கிறது என்றார் எதிர்வீட்டு அம்மாள். புடவையில் போட்டு உருட்டி உரம் எடுக்கிறவரிடம் மூன்று வெள்ளிக்கிழமை கொண்டுபோனோம். முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சிரிப்பதை நிறுத்திவிட்டான். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

மருமகள்தான் ஒரு விடியற்காலை தூளியின் துணியை விலக்கிப் படம் எடுத்தாள். குழந்தை மருத்துவர் அதை ஓடவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது முறை பார்க்கவில்லை. அன்றைக்கே ஈ.ஈ.ஜி. எடுக்க அனுப்பினார். மறுநாள் மருந்து தொடங்கினார்கள்.

வடவாறு — திங்கள், காலை 7.50

டீச்சர் சொல்வது கைக்குழந்தை வலிப்பில் மிக அவசரமான வகை. 1841இல் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர், தன் சொந்த மகனுக்கே இப்படி வருகிறதே, யாருக்காவது தெரியுமா என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். குனிந்து சலாம் போடுவதுபோல இருக்கிறது என்று விவரித்திருந்தார். இன்றும் அவர் பெயரில்தான் நோய். எந்த மாதத்தில் மருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் அறிவு வளர்ச்சியே மாறும். வரிசையாக, அதுவும் தூங்கி எழும்போது வந்தால், படம் எடுங்கள், அன்றே கிளம்புங்கள். உரம் எடுப்பவர் எங்கும் ஓடிவிட மாட்டார்.

தொப்பியும் வலந்தலையும் — திங்கள், மாலை 5.30

வலிப்பு இல்லை, ஆனால் இதே சங்கதிதான். அப்பா தவில் வாசிப்பவர். முப்பது வருடக் கை. மூன்று வருடத்துக்கு முன் வலது மோதிர விரல் உள்ளே மடங்க ஆரம்பித்தது. வாசிக்கும்போது மட்டும். விரலில் கூடு மாட்டி வலந்தலையில் (தவிலின் வலப்பக்கத்தில்) இரண்டு சொல் விழுந்ததும் அந்த விரல் நண்டுக்கால்போலச் சுருண்டுகொள்ளும். சாப்பிடும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது, எழுதும்போது ஒன்றுமில்லை. மூன்று மருத்துவர்களிடம் காட்டினோம். கையை மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள், நரம்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்றார். 52 வயது மனிதரிடம்! கச்சேரியில் கூட வாசிப்பவர்கள் வேறு காரணம் சொன்னார்கள், அதை இங்கே எழுத மாட்டேன்.

நான்காவது மருத்துவர், “தவிலைக் கொண்டுவந்தீர்களா?” என்று கேட்டார். கொண்டுபோகவில்லை. அப்படியானால் வீட்டில் வாசிக்கச் சொல்லிப் படம் எடுத்து வாருங்கள் என்றார். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று, மெதுவாக ஓடும் வகையில் ஒன்று. கூடு இல்லாமல் வாசிப்பது தனியாக, கூட்டோடு வாசிப்பது தனியாக. கூடு இல்லாதபோது விரல் அவ்வளவாக மடங்கவில்லை என்பதை அப்பாவே படத்தில்தான் முதல் முறை பார்த்தார். இசைக்கலைஞர்களுக்கு வரும் டிஸ்டோனியா என்று சொன்னார்கள். குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் மூளை விரலுக்குத் தப்பான கட்டளை கொடுக்குமாம். ஊசி போட்டிருக்கிறார்கள், பயிற்சியும் நடக்கிறது. முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் ஊரார் சொன்ன காரணம் இல்லை என்று தெரிந்ததே அப்பாவுக்குப் பெரிய விஷயம்.

நிலைப்படி — திங்கள், இரவு 8.05

தவில்காரரே, என் அப்பாவுக்கு நேர்மாறு. அவருக்குப் பார்க்கின்சன் நோய். வீட்டில் அடுக்களை நிலைப்படியில் வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். பசை தடவியதுபோல. உடம்பு முன்னால் போகும், கால் வராது, விழுவார். மருத்துவமனை நடைபாதையில் நடக்கச் சொன்னால் மாப்பிள்ளைபோல நடப்பார்! மருத்துவர் என்னைப் பார்ப்பார், நான் அப்பாவைப் பார்ப்பேன். அப்பா ஒரு சின்னச் சிரிப்பு.

பிறகுதான் படம் எடுக்க ஆரம்பித்தேன். மாத்திரைக்கு முன் ஒரு முறை, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை. சுவர்க் கடிகாரமும் படத்தில் விழும்படி. வேட்டியை முழங்கால்வரை மடித்துக் கட்டச் சொல்வேன், இல்லாவிட்டால் காலடி தெரியாது. விரலைத் தட்டுவது பத்து முறை, கையை மூடித் திறப்பது பத்து முறை, நாற்காலியிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு எழுவது. இந்த நோய்க்கு மருத்துவர்களின் மதிப்பெண் முறையே அப்படித்தானாம். பத்துத் தட்டலில் முதல் நான்கு விரிந்து வரும், பிறகு சிறுத்துக்கொண்டே போகும். எண்ணிப் பார்த்தால்தான் தெரிகிறது.

ஒரு வேடிக்கை. வயல் வரப்பில் அவர் நிற்கவே மாட்டார். குறுக்கே மடை வந்தால் தாண்டிப் போவார். அதையும் எடுத்துக் காட்டினேன். தரையில் குறுக்குக் கோடு இருந்தால் கால் எழும் என்று சொல்லி, நிலைப்படிக்கு முன்னால் மூன்று பட்டை ஒட்டச் சொன்னார் மருத்துவர். ஒட்டியிருக்கிறோம். அம்மா கோலமாவு போதாதா என்று கேட்டார்.

குறுவை68 — திங்கள், இரவு 9.15

தவிலும் நடையும் சரி. அது அவர்களே சம்மதித்து எடுப்பது. நினைவில்லாமல் கிடக்கும் பெண்ணைப் படம் எடுப்பது வேறு. நான் கோபத்தில் பேசியதற்குக் காரணம் உண்டு. எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்ததைச் சித்தப்பா மகன் எடுத்தான், மருத்துவரிடம் காட்டத்தான். குடும்பக் குழுவில் போட்டான். அங்கிருந்து எங்கெங்கோ போய்ச் சம்பந்தம் பேசிய வீட்டுக்கும் போய்விட்டது. நிச்சயதார்த்தம் நின்றது. அந்தப் பெண்ணுக்கு இப்போது 34 வயது. மருத்துவரிடம் காட்டினார்களா என்றால் அதுவும் இல்லை.

இரவுப்பணி — திங்கள், இரவு 10.40

ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். நீங்கள் சொல்வதில் மறுக்க ஒன்றுமில்லை. எடுப்பவர் ஒருவர், பார்ப்பவர் மருத்துவர், நடுவில் யாருக்கும் வேலையில்லை. நினைவு திரும்பியதும் அந்தப் பெண்ணிடமே காட்டி, கொண்டுபோகவா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். துணி விலகியிருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் கேமரா.

சட்டம்கூட ஒரு காலத்தில் இந்த நோய்க்காரர்களுக்கு எதிராகத்தான் இருந்தது. 1955 இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருபவரின் திருமணத்தை நீதிமன்றத்தில் ரத்து செய்ய வழிவிடும் ஒரு வரியை 1976இல் சேர்த்தார்கள். 1999இல்தான் எடுத்தார்கள். சட்டத்திலிருந்து எடுத்தார்கள், நம் ஊர்த் திண்ணையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.

படம் எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆள், பிறகு படம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருக்கும் அம்மி, அடுப்பு, கத்தியைத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் கைப்பேசி. வாயில் கரண்டி வேண்டாம், கையில் சாவி வேண்டாம். சாவியால் நிற்பதில்லை, தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், படத்தை விட்டுவிட்டு 108. படத்தைக் குறுக்குவாட்டில் பிடியுங்கள், தலை முதல் கால் வரை விழட்டும், ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். முகத்தை ஒருமுறை கிட்டத்தில் காட்டுங்கள். இழுப்பு நின்றதும் அணைத்துவிடுகிறார்கள், அதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், தெளியும்வரை ஓடட்டும். பேச்சு வருகிறதா, ஒரு பக்கக் கை துவண்டு கிடக்கிறதா என்பது அதில்தான் இருக்கும்.

மகிழம்பூ — செவ்வாய், காலை 11.20

இத்தனை நாள் படிக்க மட்டும் வருவேன். எனக்கு வருவது வலிப்பு மாதிரி, ஆனால் வலிப்பு இல்லை. ஆறு வருடம் மாத்திரை. குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கினேன். ஒரு தனியார் மருத்துவமனையில் ஒருவர் என் காதுபடவே “நடிக்கிறாள்” என்றார். என் கணவர் எடுத்த படத்தில் ஒவ்வொரு முறையும் என் கண் இறுக மூடியிருந்தது, தலை இடமும் வலமுமாக ஆடியது, பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் வேறொரு மருத்துவர் வீடியோ ஈ.ஈ.ஜி. எடுக்க வெளியூர் அனுப்பினார். நான்கு நாள் தலையில் ஒயரோடு, மேலே கேமராவோடு. வந்தபோது மூளை மின்னோட்டத்தில் ஒன்றுமில்லை. அங்கே பார்த்த மருத்துவர் அம்மாள் முதலில் சொன்னது: “இது நடிப்பில்லை. உங்கள் கட்டுப்பாட்டிலும் இல்லை. ஆனால் இதற்கு வைத்தியம் வலிப்பு மாத்திரை இல்லை.” நான் அழுதேன். இப்போது மனநல ஆலோசனைக்குப் போகிறேன். மாதத்துக்கு எட்டு முறை வந்தது, கடந்த மூன்று மாதத்தில் இரண்டு.

படத்தைப் பார்த்து இவள் நடிக்கிறாள் என்று முடிவுகட்டவும் சிலர் இருப்பார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வடவாறு — செவ்வாய், மதியம் 1.10

மகிழம்பூ, எழுதியதற்கு நன்றி. நெற்றிப்பக்க மூளையிலிருந்து வரும் சில வலிப்புகள் பார்ப்பதற்கு நடிப்பைவிட விசித்திரமாக இருக்கும். தூக்கத்தில் சைக்கிள் மிதிப்பதுபோலக் கால் அடிப்பார்கள், கத்துவார்கள், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அவர்களையும் நடிப்பு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே காப்பாற்றுவது ஒரே ஒரு படம் இல்லை, நான்கைந்து படம். ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் ஒரேபோல இருந்தால் வலிப்பாக இருக்குமோ என்று யோசிக்க வேண்டும்.

அரிசி ஆலை — செவ்வாய், இரவு 7.45

எங்கள் ஆலையில் ஒரு தொழிலாளி விழுந்தது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. கேட்க வந்தது பன்னிரண்டு நாள் கழித்து. பழையதை அழித்துப் புதியதை எழுதும் பெட்டி அது. போனது போனதுதான். அன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் மங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள்.

கோரையாற்றங்கரை — வியாழன், இரவு 9.50

போய்வந்தோம். தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் காட்டினேன். அப்பாவும் கூட வந்தார்.

மருத்துவர் 34 விநாடியை நான்கு முறை பார்த்தார். ஐந்தாவது முறை கைப்பேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டார். நான் அதைக் கேட்டதே இல்லை. அத்தை என்னைத் திட்டுவது, குக்கர் விசில், பிறகு 27ஆவது விநாடியில் தங்கையின் குரல்: “ஏன் எல்லாரும் சுற்றி நிற்கிறீர்கள்?” தெளிவாக. அதற்கு முன்பு தூண் மறைக்காத இடத்தில் கை வெட்டுவது ஒன்பது விநாடிதான். கண் திறந்து மேலே செருகியிருக்கிறது. பெரிய வலிப்பு வந்தவர் அவ்வளவு சீக்கிரம் தெளிந்து இப்படிப் பேசுவது அபூர்வம் என்றார்.

கீழே விழுவதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பார்த்தவர் யார்? அத்தை. அங்கிருந்தே அத்தைக்குப் போன் போட்டோம். அத்தை சொன்னார்: புரட்டாசிச் சனிக்கிழமை விரதம், பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மாவிளக்கு மாவு இடித்துவிட்டு அடுப்பு அனலில் நின்றுகொண்டிருந்தாள், கண் இருட்டுகிறது என்றாள், முகம் சுண்ணாம்பாக வெளுத்து வேர்த்தது, அப்படியே சரிந்தாள். மற்ற மூன்று முறையும் எங்கே என்றார் மருத்துவர். கோயில் வரிசையில் ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தியபோது ஒன்று. எல்லாமே நின்றுகொண்டோ ஊசியைப் பார்த்தோ. இரண்டு வருடமாக இதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் கோத்துப் பார்க்கவில்லை.

அநேகமாக வலிப்பு இல்லை, மூளைக்கு ரத்தம் சில நொடி குறைவதால் வரும் மயக்கம் என்கிறார். இதயத் துடிப்பில் கோளாறு இல்லை என்று பார்த்தாக வேண்டும் என்று ஈ.சி.ஜி. அங்கேயே எடுத்தார்கள், எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) அடுத்த வாரம். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மாத்திரையை நாங்களாக நிறுத்தக் கூடாது, எக்கோ வந்த பிறகு படிப்படியாகக் குறைக்கலாம் என்றார்.

வடவாறு — வியாழன், இரவு 10.15

மயக்கத்திலும் கைகால் வெட்டும் என்பது மருத்துவர்களுக்கே மறந்துபோகிற ஒன்று. 1994இல் ஜெர்மனியில் லெம்பர்ட் குழுவினர் நலமாக இருந்தவர்களை அவர்கள் சம்மதத்தோடு மயங்க வைத்துப் படம் எடுத்தார்கள். முழுதாக மயங்கிய 42 பேரில் 38 பேருக்குக் கைகால் வெட்டியது. மயக்கம் சராசரி 12 விநாடி. கண் பெரும்பாலும் திறந்தே இருந்தது.

குறுவை68 — வியாழன், இரவு 10.30

நல்ல செய்தி. அத்தை என்ன சொல்கிறார்?

கோரையாற்றங்கரை — வியாழன், இரவு 10.42

படத்தைக் காட்டு என்று வாங்கி முழுவதும் பார்த்தார். “என் புடவைதான் மறைக்கிறது. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?” என்கிறார்.

நிலைப்படி — வியாழன், இரவு 10.50

அப்பா பேசிவிட்டாரா?

கோரையாற்றங்கரை — வியாழன், இரவு 11.04

பஸ்ஸில் வரும்போது பேசினார். மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்று கைப்பேசியில் பார்த்துச் சொல்லச் சொன்னார்.